காலால் படிக்கும் மஞ்சள் கல்!

ரெயில் நிலையத்துக்குப் போயிருப்பீர்கள். பிளாட்பாரத்தின் ஓரத்தில் நீளமாக ஒரு மஞ்சள் பட்டை போகிறதே, பார்த்திருக்கிறீர்களா?

அதன் மேல் சின்னச் சின்னப் பொட்டுகள் இருக்கும். வெறுங்காலோடு மிதித்தால் உள்ளங்காலில் உறுத்தும். சென்னை மெட்ரோ ரெயில் நிலையத்தில் இது இன்னும் நன்றாகத் தெரியும். வாசலில் தொடங்கி, டிக்கெட் கொடுக்கும் இடத்துக்கும் படிக்கட்டுக்கும் மஞ்சள் பாதை வளைந்து வளைந்து போகும்.

"இது எதற்கு?" என்று பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள்.

"வழுக்காமல் இருக்க" என்பார் ஒருவர். "சும்மா அழகுக்கு" என்பார் இன்னொருவர். "அதற்கு இந்தப் பக்கம் வரிசையில் நிற்க வேண்டும்" என்பார் மூன்றாமவர்.

மூன்று பதிலும் சரி அல்ல. அது பார்வை இல்லாதவர்கள் காலால் படிக்கும் எழுத்து!

இரண்டே எழுத்து

நம் தமிழில் 247 எழுத்து. இந்தக் கல் மொழியில் இரண்டே எழுத்து. ஒன்று கோடு. இன்னொன்று புள்ளி.

நீளக் கோடுகள் மேடாக இருக்கும் கல்லை மிதித்தால், "வழி இருக்கிறது, இப்படியே போ" என்று அர்த்தம். கோடு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் நடக்க வேண்டும்.

பொட்டுப் பொட்டாக இருக்கும் கல்லை மிதித்தால், "நில்! கவனி!" என்று அர்த்தம். எதிரே படிக்கட்டு இருக்கலாம். சாலை வரலாம். பாதை திரும்பலாம். பிளாட்பாரம் முடிந்து தண்டவாளம் தொடங்கலாம்.

வாசலில் போடும் கோலத்திலும் புள்ளியும் கோடும்தான் உண்டு. ஆனால் கோலத்தில் ஒரு புள்ளி தப்பினால் அழகுதான் கெடும். இங்கே ஒரு புள்ளி தப்பினால் ஆள் பள்ளத்தில் விழுவார்!

கல் பெரும்பாலும் ஓர் அடி சதுரம். மேடு எவ்வளவு உயரம் தெரியுமா? ஐந்து மில்லிமீட்டர்தான். மூன்று ரூபாய் நாணயங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் ஏறக்குறைய அந்த உயரம் வரும். அதற்கு மேல் உயர்த்தினால் வயதானவர்களுக்குக் கால் தடுக்கும். அதற்குக் கீழே குறைத்தால் செருப்புக் காலுக்குத் தெரியாது.

காலால் மட்டும் அல்ல, கைத்தடியாலும் இதைப் படிக்கலாம். பார்வையற்றவர்கள் வெள்ளைத் தடியை முன்னால் நீட்டி, இடமும் வலமுமாகத் தட்டிக்கொண்டே போகிறார்கள் அல்லவா? தடியின் நுனி கோட்டில் ஓடும்போது ஒரு சத்தம். புள்ளியில் இடறும்போது வேறு சத்தம். விரல் அதைக் கண்டுகொள்ளும்.

(அந்தத் தடி ஏன் வெள்ளை என்று குழந்தைகள் கேட்டால் சொல்லுங்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் ஜேம்ஸ் பிக்ஸ் என்று ஒரு போட்டோக்காரர் இருந்தார். விபத்தில் கண் போயிற்று. வண்டி ஓட்டுகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று 1921-ல் தம் தடிக்கு வெள்ளைச் சாயம் அடித்தார். அந்த வழக்கம் உலகம் எங்கும் பரவியது.)

விடுதிக்காரர் செய்த வேலை

இந்தக் கல்லைக் கண்டுபிடித்தவர் ஜப்பானியர். பெயர் செய்ச்சி மியாகே. ஊர் ஒகயாமா. பிழைப்பு, விடுதி நடத்துவது. புதிது புதிதாக எதையாவது செய்து பார்ப்பது அவருக்குப் பிடித்த வேலை.

மியாகேயின் நண்பர் ஒருவருக்குப் பார்வை குறைந்துகொண்டே வந்தது. அந்த நண்பருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் மியாகேக்கு இருந்தது.

ஒரு நாள் வெள்ளைத் தடியோடு சாலையைக் கடந்த ஒருவர் மோட்டார் வண்டியில் அடிபடாமல் மயிரிழையில் தப்பியதை அவர் கண்ணால் பார்த்தார். அது அவர் மனதில் தைத்துவிட்டது.

நடைபாதை எங்கே முடிகிறது, சாலை எங்கே தொடங்குகிறது என்று கண் இல்லாதவருக்கு எப்படித் தெரியும்? எதைக்கொண்டு தெரியவைப்பது?

விடை அந்த நண்பரிடமே கிடைத்தது. "பாசி படர்ந்த இடத்துக்கும் வெறும் மண்ணுக்கும் உள்ள வித்தியாசம் செருப்பையும் தாண்டிக் காலுக்குத் தெரிகிறது" என்று அவர் சொன்னாராம்.

நம் கிராமத்தில் இருட்டில் நடந்து பழகியவர்களைக் கேளுங்கள். வரப்பு எது, வயல் எது என்று அவர்கள் கால் சொல்லும். மியாகே அதைக் கல்லில் கொண்டுவந்தார்!

1965-ல் கல் உருவாயிற்று. 1967-ம் ஆண்டு மார்ச் மாதம் 18-ந் தேதி ஒகயாமாவில் ஒரு சாலைச் சந்திப்பில் முதல் முதலாகப் பதித்தார்கள். மொத்தம் 230 கற்கள். அந்தச் சந்திப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பக்கத்தில் பார்வையற்றோர் பள்ளிக்கூடம் இருந்தது!

இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்பவும் பேசுவோம்.

யாரும் வாங்கவில்லை

உடனே ஜப்பான் முழுவதும் கல்லைப் பதித்துவிட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை.

மியாகே ஊர் ஊராக எழுதினார். பதில் வரவில்லை. யாரும் வாங்கவில்லை. கைப்பணம் கரைந்தது. தம்பியும் சேர்ந்து உழைத்தார். 1970-களில்தான் டோக்கியோ போன்ற பெரிய நகரங்கள் கவனித்தன.

அதற்குள் உயிர்கள் போயின. 1973-ல் டோக்கியோவில் தகடானோபாபா ரெயில் நிலையத்தில் பார்வையற்ற ஒருவர் பிளாட்பாரத்தில் இருந்து விழுந்தார். ரெயில் மோதி இறந்தார். அந்தப் பிளாட்பாரத்தில் புள்ளிக் கல் கிடையாது. பெற்றோர் கோர்ட்டுக்குப் போனார்கள். பிளாட்பார விளிம்பு பார்வையற்றவருக்கு எவ்வளவு ஆபத்தானது என்பது அப்போதுதான் நாட்டு மக்கள் பலருக்கு உறைத்தது.

பிறகு இன்னொரு குழப்பம். ஆளுக்கு ஒரு மாதிரி கல் செய்தார்கள். ஓர் ஊரில் புள்ளி பெரிது. இன்னோர் ஊரில் சிறிது. எழுத்து ஊருக்கு ஊர் மாறினால் எப்படிப் படிப்பது? 2001-ல் ஜப்பான் அரசாங்கம் "இதுதான் அளவு" என்று தரம் வகுத்தது. 2012-ல் உலகத் தரமும் வந்தது.

பிளாட்பாரக் கல்லிலும் ஒரு திருத்தம் செய்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த திருத்தம் அது. புள்ளியை மிதித்தவுடன் "விளிம்பு பக்கத்தில் இருக்கிறது" என்று தெரிகிறது. சரி. ஆனால் எந்தப் பக்கத்தில்? கூட்டத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் திசை தப்பிவிடுமே! "பின்னால் போகிறேன்" என்று நினைத்து முன்னால் போனால் தண்டவாளம்தான்.

அதற்காக, புள்ளிகளுக்கு உள்பக்கத்தில் மட்டும் ஒரே ஒரு கோடு சேர்த்தார்கள். கோடு இருக்கும் பக்கம் பிளாட்பாரம். கோடு இல்லாத பக்கம் பள்ளம். ஒரு கோட்டில் எவ்வளவு விஷயம், பாருங்கள்!

இவ்வளவு செய்த நாட்டிலும் விபத்து அடியோடு நிற்கவில்லை. 2016-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி டோக்கியோவில் ஆவோயாமா-இச்சோமே என்ற சுரங்க ரெயில் நிலையத்தில், வழிகாட்டும் நாயோடு போன பார்வையற்ற ஒருவர் விழுந்து இறந்தார். அங்கே மஞ்சள் பட்டை இருந்தது. ஆனால் சில இடங்களில் தூண்கள் அந்தப் பட்டையில் பங்கு பிடித்துக்கொண்டு நின்றன. கல்லைப் பதித்தது மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையங்களில் பிளாட்பாரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே கண்ணாடிக் கதவு இருக்கிறது. ரெயில் வந்து நின்ற பிறகுதான் திறக்கும். இது மிக நல்ல ஏற்பாடு. சாதாரண ரெயில் நிலையங்களில் அந்தக் கதவு இல்லை. அங்கே ஐந்து மில்லிமீட்டர் புள்ளிதான் கதவு!

ஏன் மஞ்சள்?

"கண் தெரியாதவருக்கு மஞ்சள் என்ன, கறுப்பு என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

பார்வைக் குறைவு உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கண் தெரியும். சிலருக்கு எல்லாம் பனிமூட்டம் போல இருக்கும். சிலருக்குக் குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும் தெரியும். கண்புரை வந்த நம் வீட்டுத் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் படிக்கட்டின் விளிம்பு தெரிவதில்லை. சாம்பல் நிறத் தரையில் பளிச்சென்ற மஞ்சள் அவர்கள் கண்ணுக்கு எட்டும்.

ஆகவே நிறமும் ஓர் எழுத்துதான். ஆனால் சில இடங்களில் என்ன செய்கிறார்கள்? "தரையின் அழகு கெட்டுவிடும்" என்று சாம்பல் தரையில் சாம்பல் கல்லையே பதித்துவிடுகிறார்கள்! கறுப்புப் பலகையில் கறுப்புச் சாக்பீசால் எழுதுவார்களா?

மரத்தில் முடியும் பாதை

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது.

நம் நகரங்களிலும் இப்போது புது நடைபாதைகளில் மஞ்சள் கல் பதிக்கிறார்கள். பாராட்ட வேண்டும். ஆனால் கொஞ்ச தூரம் அதன் மேல் நடந்து பாருங்கள். நான் நடந்து பார்த்தேன். எந்த ஊர், எந்தத் தெரு என்று சொல்லப் போவதில்லை. உங்கள் ஊரிலும் அப்படி ஒரு தெரு இருக்கும்.

கோடு போட்ட கல் நேராகப் போகிறது. போய் ஒரு வேப்பமரத்தில் முட்டுகிறது! மரத்துக்கு அந்தப் பக்கம் மறுபடியும் தொடங்குகிறது. நடுவில் "நில்" என்று சொல்லும் புள்ளிக் கல் இல்லை.

இன்னும் கொஞ்ச தூரம். மின்சாரப் பெட்டி. அதன் கதவு பாதையைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. அதற்கு அப்பால் கல்லைத் தோண்டிக் கேபிள் புதைத்திருக்கிறார்கள். மூடும்போது மஞ்சள் கல்லைத் திருப்பி வைத்தார்கள். எப்படி வைத்தார்கள்? குறுக்கே! கோடு சாலையைக் காட்டுகிறது. அதை நம்பி நடந்தால் ஓடும் பஸ்சின் முன்னால்தான் போய் நிற்க வேண்டும்.

இதைச் செய்தவர் கெட்டவர் அல்ல. அவருக்கு அது எழுத்து என்று யாரும் சொல்லவில்லை. ஓர் அடிக் கல், காலியான இடம், பொருந்தினால் சரி. எழுதப் படிக்கத் தெரியாதவர் கையில் அச்சு எழுத்தைக் கொடுத்துக் கோக்கச் சொன்னது போல!

மின்சார ரெயிலில் பேனாவும் சீப்பும் விற்கும் பார்வையற்ற ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். "அண்ணே, கல்லே இல்லாத தெருவில் நான் சுவரைத் தொட்டுக்கிட்டு, தடியைத் தட்டிக்கிட்டு ஜாக்கிரதையா போவேன். கல் இருந்தா அதை நம்பி வேகமா போவேன். வேகமா போறப்போதான் இடிக்கிறது" என்றார்.

என் கட்சியும் இதுதான். தப்பான வழி, வழி இல்லாததைவிட மோசம். பாதி தூரம் கல் பதித்து, மரத்தில் முட்டவிட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு போவதைவிடப் பதிக்காமலே இருக்கலாம்.

வண்டி நிறுத்தும் இடமா?

குற்றம் எல்லாம் அதிகாரிகள் மேல் என்று நாம் தப்பித்துவிட முடியாது.

நடைபாதையில் மோட்டார் சைக்கிளை ஏற்றி நிறுத்துகிறவர் யார்? நாம்தான். மஞ்சள் கோடு நேராக இருப்பதால், "கோட்டைப் பார்த்து நிறுத்தினால் வரிசையாக இருக்கும்" என்று அதன் மேலேயே நிறுத்துகிறோம்! தடியின் நுனி சக்கரத்துக் கம்பிக்குள் போய்ச் சிக்குகிறது. வெயிலில் நின்ற வண்டியின் சைலன்சர் காலைச் சுடுகிறது.

ரெயில் நிலையத்தில் மஞ்சள் பட்டையின் மேல் மூட்டையை வைக்கிறோம். ஜமுக்காளம் விரித்துச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிறோம். குழந்தைகள் அங்கே படுத்துத் தூங்குகின்றன. பார்வையற்றவர் வந்தால் என்ன செய்வார்? பட்டையை விட்டு விலகிப் போவார். ஒரு பக்கம் விலகினால் நம் மூட்டைகள். மறு பக்கம் விலகினால் தண்டவாளம். பிளாட்பாரத்தில் இருந்து தண்டவாளம் சுமார் இரண்டரை அடி கீழே இருக்கிறது.

பட்டைக்கு உள்பக்கம் உட்காருங்கள். நமக்கும் அதுதான் நல்லது. வேகமாகப் போகும் ரெயில் காற்றில் விளிம்போரம் நிற்பது யாருக்குமே ஆபத்து.

கடைக்காரர் கேள்வி

நடைபாதையில் பூக்கடை, பழக்கடை, இட்லிக்கடை வைத்திருப்பவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "எங்கள் பிழைப்பு என்ன ஆவது?"

அவர்களைத் துரத்து என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களும் ஏழைகள். தவிர, தெருக்கடைக்காரர்தான் பார்வையற்றவருக்கு நல்ல துணை. "தம்பி, இடது பக்கம் பள்ளம் தோண்டியிருக்கு, பார்த்துப் போ" என்று குரல் கொடுப்பது யார்? மாடியில் இருப்பவரா? பூக்கார அம்மாதான்! மல்லிகை வாசனையையும் எண்ணெய்ச் சட்டி சத்தத்தையும் அடையாளம் வைத்தே தெருவைக் கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கேட்பது ஒன்றுதான். மஞ்சள் கல்லையும் அதன் இரு பக்கமும் இரண்டடியையும் விட்டுவிடுங்கள். இரண்டடி ஏன்? மனிதனுக்குக் கால் மட்டும் இல்லை, தோளும் இருக்கிறது. கல்லின் மேல் கால் சரியாக இருந்தாலும் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தகரத்தில் நெற்றி இடிக்கும். தடி தரையைத்தான் பார்க்கும். தொங்கும் வாழைத்தாரையும் சாய்ந்த விளம்பரப் பலகையையும் அது பார்க்காது.

கடைக்கு இடம் ஒதுக்குவது நகராட்சியின் வேலை. எங்கே கடை, எங்கே நடை என்று கோடு கிழித்துக் கொடுத்தால் கடைக்காரர் மீற மாட்டார். ஒன்றையும் செய்யாமல் மாதம் ஒரு தடவை லாரியோடு வந்து தள்ளுவண்டியைத் தூக்கிக்கொண்டு போவதால் யாருக்கும் வழி பிறக்காது.

"கொஞ்சப் பேருக்காக இவ்வளவு செலவா?"

இப்படியும் கேட்கிறார்கள். கொஞ்சப் பேரா? 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். சில நாடுகளில் மொத்த ஜனத்தொகையே அவ்வளவு கிடையாது!

"தெருவில் அவர்களைக் காணவில்லையே?" என்பீர்கள். எப்படிக் காண முடியும்? வழி இருந்தால் அல்லவா வெளியே வருவார்கள்! கல்லூரியில் படிக்கிறார்கள். பாங்கியில் வேலை பார்க்கிறார்கள். ஆசிரியர்களாக இருக்கிறார்கள். வீட்டில் இருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் உள்ள கால் மைல்தான் பலருக்குத் தடை. ஒரு பெண் அந்தக் கால் மைலுக்காகத் தினமும் தம்பியை எதிர்பார்க்க வேண்டியிருந்தால், தம்பிக்குக் காய்ச்சல் வந்த நாளில் அவளுக்குச் சம்பளம் போயிற்று.

எதிர்க்கட்சியில் உள்ள நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த மேடு எல்லோருக்கும் சுகமானது அல்ல. சக்கர நாற்காலி இதன் மேல் போனால் குலுங்கும். மூட்டுவலிக்காரர்களுக்கு உள்ளங்கால் நோகும். மழையில் மலிவான பளபளப்புக் கல் வழுக்கும். அதனால்தான் நடைபாதை முழுவதும் பதிக்கக் கூடாது என்கிறேன். ஓர் அடி அகலம், தேவையான இடம், சொரசொரப்பான கல். மற்ற இடம் சமமாக இருக்கட்டும்.

சட்டம் இருக்கிறது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. அதன் விதிகள் 2017-ல் வந்தன. விதிகள் வந்த 5 ஆண்டுக்குள், இருக்கிற பொதுக் கட்டிடங்களை எல்லாரும் வந்து போகும்படி மாற்ற வேண்டும் என்று சட்டம் சொன்னது. அந்த 5 ஆண்டு 2022-லேயே முடிந்துவிட்டது!

ராஜீவ் ரத்தூரி என்பவர் பார்வையற்றவர். 2005-ல் சுப்ரீம் கோர்ட்டில் மனுப் போட்டார். "சாலைகளும் கட்டிடங்களும் வண்டிகளும் எங்களுக்கும் வேண்டும்" என்று கேட்டார். 2017 டிசம்பர் 15-ல் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வேலை முழுதாக நடக்கவில்லை. வழக்கு மறுபடியும் வந்தது. 2024 நவம்பர் 8-ல் கோர்ட்டு இன்னும் கண்டிப்பாகப் பேசியது. "செய்தால் நல்லது" என்ற முறையில் யோசனையாக விதி வைத்திருப்பது சட்டத்துக்கே விரோதம். "செய்தே தீர வேண்டும்" என்று கட்டாய விதி வகுக்க வேண்டும் என்று மத்திய அரசாங்கத்துக்கு மூன்று மாதத் தவணை கொடுத்தது.

ஒரு மனிதர் நடப்பதற்கு வழி கேட்டு 19 ஆண்டுகள் கோர்ட்டுக்கு நடந்திருக்கிறார்!

முழு வழி ஒன்று

சரி, நகராட்சியிடம் என்ன கேட்பது?

முதலில், நூறு தெருவில் நூறு துண்டு வேண்டாம். ஒரு வழியை முழு வழியாகக் கொடுங்கள். ஒகயாமாவில் 230 கற்களை எங்கே பதித்தார்கள்? பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்தில். தேவைப்படுகிறவர்கள் தினமும் நடக்கிற இடத்தில்! அந்தப் புத்தி நமக்கும் வேண்டும்.

பூந்தமல்லியில் பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. பாளையங்கோட்டையில் 19-ம் நூற்றாண்டிலேயே ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பள்ளி இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் பஸ் நிறுத்தத்தில் இருந்து பள்ளிக்கூட வாசல் வரைக்கும் ஒரு கல் கூட விடாமல் வழி இருக்க வேண்டும். அடுத்தது அரசு ஆஸ்பத்திரி. பஸ்சை விட்டு இறங்கினால் சீட்டுக் கொடுக்கும் இடம் வரை. அதற்கு அடுத்தது ரெயில் நிலையத்தில் இருந்து கலெக்டர் ஆபீஸ். ஓர் ஊருக்கு ஓர் ஆண்டில் ஒரு முழு வழி போதும். பத்து ஆண்டில் பத்து வழி ஆகிவிடும்.

இரண்டாவது, காண்டிராக்டருக்குப் பில் பாஸ் ஆகும் முன்னால் பார்வையற்றவர்கள் இரண்டு பேர் அந்தப் பாதையில் நடந்து பார்க்க வேண்டும். அவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள். இடிக்காமல், தவறாமல் போய்ச் சேர்ந்தார்களா? கையெழுத்துப் போடுங்கள். மரத்தில் முட்டினார்களா? கல்லைப் பெயர்த்து மறுபடியும் பதிக்கச் சொல்லுங்கள்.

இதற்குப் பெரிய நிபுணர் வேண்டாம். வெளிநாட்டுப் பயணம் வேண்டாம். என்ஜினீயர் பேப்பரில் பார்த்துச் "சரி" என்று சொன்ன பாதையை இரண்டு வெள்ளைத் தடிகள் பத்தே நிமிடத்தில் சோதித்துவிடும்! சமையல் செய்தவர் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிப் பயன் இல்லை. சாப்பிடுகிறவர் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, கேபிளுக்கும் குழாய்க்கும் தோண்டுகிறவர்கள் கல்லை எப்படி எடுத்தார்களோ அப்படியே திருப்பி வைக்க வேண்டும். வேலை செய்யும் தொழிலாளிக்குக் "கோடு என்றால் போ, புள்ளி என்றால் நில்" என்று மேஸ்திரி இரண்டே வார்த்தை சொல்லிக் கொடுத்தால் போதும்.

வெளிநாட்டில் இருந்து இறக்க வேண்டிய சாமான் எதுவும் இதில் இல்லை. சிமெண்டு, மணல், சாயம், அச்சு. நம் ஊர்ப் பட்டறையிலேயே வார்க்கலாம்.

கையைப் பிடித்து இழுக்காதீர்கள்

கடைசியாக, வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு விஷயம்.

பார்வையற்றவர் சாலை ஓரம் நிற்பதைப் பார்த்தால் நமக்கு இரக்கம் வருகிறது. ஓடிப் போய்க் கையைப் பிடித்து இழுத்து மறுபக்கம் விட்டுவிடுகிறோம். அவர் மறுபக்கம் போக வேண்டுமா என்று கேட்டோமா? பஸ்சுக்காக நின்றிருப்பார் பாவம்!

முதலில் கேளுங்கள். "சார், உதவி வேண்டுமா?" வேண்டும் என்றால் உங்கள் முழங்கைக்கு மேலே அவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள். தடியை மட்டும் தொடாதீர்கள். அது அவர் கண்.

அவர் மஞ்சள் கல்லின் மேல் போய்க்கொண்டிருந்தால் பேசாமல் விலகி வழி விடுங்கள். "இப்படி வாங்க, அப்படி வாங்க" என்று நாலு பேர் நாலு பக்கம் கத்தினால் அவருக்குத் திசை தப்பிவிடும். அவர் படித்துக்கொண்டிருக்கிறார்!

அடுத்த தடவை ரெயிலுக்குப் போகும்போது வண்டி வரக் கால் மணி இருந்தால் பிள்ளைகளை மஞ்சள் பாதைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பிளாட்பார விளிம்பில் வேண்டாம். நிலையத்துக்கு உள்ளே, டிக்கெட் வாங்கும் இடத்துக்குப் பக்கத்தில். செருப்போடு கல்லின் மேல் நிற்கச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, "கோடா, புள்ளியா?" என்று கேளுங்கள். இரண்டு தடவை தவறாகச் சொல்வார்கள். மூன்றாம் தடவை சரியாகச் சொல்லிவிடுவார்கள்.